எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே

(தொழிற்சங்கப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



படிப்பக விழாவில் புத்தகத்தின் பெருமையைப் பேசுவது வழக்கம். அந்தப் பெருமையை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமலும், நடவு முடிந்தவர்கள் காலில் சேறு காயாமலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே இன்று நாம் வேறொரு விஷயத்தைப் பேசுவோம். ஒரு புத்தகம் எழுதுகிறவர் கையிலிருந்து புறப்பட்டு நம் கைக்கு வந்து சேர்கிற வழியில் என்ன நடக்கிறது? அந்த வழி யார் கையில் இருக்கிறது?

பஞ்சுக்கும் நெல்லுக்கும் கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கும் தெரிய வேண்டும். 100 ரூபாய் விலை போட்ட ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியவருக்கு வழக்கமாகச் சேர வேண்டியது 10 ரூபாய். கடைக்காரருடைய கழிவு அதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. காகிதம், அச்சு, பைண்டிங் செலவு போக மிச்சம் பதிப்பாளருக்கு. சரி, அந்த 10 ரூபாயாவது எழுத்தாளர் கைக்கு ஒழுங்காக வருகிறதா? எத்தனை பிரதி அச்சாயிற்று, எத்தனை விற்றது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அறுத்த நெல்லை அளக்கும்போது அறுத்தவனைக் களத்துக்குள் விடாமல் நிறுத்தினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

எல்லாப் பதிப்பாளரும் கொள்ளைக்காரர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சிறு பதிப்பாளர்களில் பெரும்பாலோர் மனைவியின் நகையை அடகு வைத்துப் புத்தகம் போடுகிறவர்கள். ஆயிரம் பிரதி அச்சிட்டுவிட்டு, அரசு நூலகத்துக்கு வாங்குகிற ஆணை வருமா, வராதா என்று வழி பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆணை வராவிட்டால் கட்டுக் கட்டாகப் புத்தகம் வீட்டிலேயே கிடக்கிறது. எழுதுகிறவரும் கஷ்டப்படுகிறார், போடுகிறவரும் கஷ்டப்படுகிறார், படிக்க வேண்டிய நமக்கோ விலை எட்டவில்லை. அப்படியானால் கோளாறு தனி மனிதர்களிடம் மட்டும் இல்லை.

இது புதிய வியாதியும் அல்ல. பாரதி 1920இல் தன் எழுத்துக்களை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல அவை ஊர் ஊராகச் செலவாகும் என்று நம்பினார். கடனாகப் பணம் கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். பணம் வரவில்லை. 1921இல் அவர் மறைந்தார். பின்னாளில் அவருடைய பாட்டுக்களை இசைத்தட்டிலும் ரேடியோவிலும் பாடுகிற உரிமை வியாபாரிகளின் கைக்குப் போயிற்று. எழுத்தாளர்களும் பொதுமக்களும் கிளர்ச்சி செய்த பிறகே 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளை வாங்கிப் பொதுவாக்கியது. நாட்டையே பாட வைத்த கவிஞனின் பாட்டை மீட்பதற்குக் கிளர்ச்சி வேண்டியிருந்தது!

புதுமைப்பித்தன் கதை இன்னும் வேதனை. சினிமா வேலைக்குப் புனா சென்றவர் காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் வறுமையில் உயிர் விட்டார்.

திருவனந்தபுரம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரம். புதுமைப்பித்தன் இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதே சமஸ்தானத்தில், கோட்டயத்தில், எழுத்தாளர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். அதைத்தான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

1945இல் 12 எழுத்தாளர்கள் அங்கே கூடினார்கள். தலைக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். மொத்தம் 120 ரூபாய். அதுதான் முதல். அந்த முதலைக் கொண்டு ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். சாகித்யப் பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர். எழுத்துத் தொழில் செய்கிறவர்களின் சங்கம் என்று நம் பேச்சில் சொல்லிக்கொள்ளலாம். பேராசிரியர் எம்.பி. பால் தலைவர், காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். காரூர் பள்ளி வாத்தியார். அந்தக் காலத்து வாத்தியார் சம்பளம் என்ன லட்சணம் என்பதை அவர் கதைகளே சொல்லும். பசி தாங்காமல் பிள்ளையின் பொதிச்சோற்றைத் திருடித் தின்னும் தலைமையாசிரியரைப் பற்றி அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார். பசியை அறிந்த மனிதர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அதுவே பாதி வெற்றி என்பது எங்கள் அபிப்பிராயம்.

சங்கம் போட்ட முதல் புத்தகம் தகழி சிவசங்கரப் பிள்ளையின் கதைகள். சங்கம் வளர்ந்தபோது எழுத்தாளருக்குக் கொடுத்த பங்கு விலையில் 30 சதவிகிதம்! நூற்றுக்குப் பத்து வாங்கவே இங்கே நடையாய் நடக்கும்போது, அங்கே நூற்றுக்கு முப்பது. எப்படி முடிந்தது? எழுதியவர்களே சங்கத்தின் உறுப்பினர்கள். லாபத்தைத் தூக்கிக்கொண்டு போக ஒரு முதலாளி அங்கே இல்லை. அச்சிடுவது சங்கம், விற்பதும் சங்கம். 1949இல் நேஷனல் புக் ஸ்டால் என்ற கடை சங்கத்தோடு சேர்ந்தது. அதன் பிறகு கடைக்காரருடைய கழிவும் எழுத்தாளர்களின் பொதுப் பெட்டிக்கே வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த எழுத்தாளர்கள் யாரைப் பற்றி எழுதினார்கள்? கேசவதேவ் ரிக்‌ஷா இழுக்கும் தொழிலாளியைக் கதாநாயகனாக்கினார். தகழி 1947இல் ஆலப்புழைத் தோட்டிகளின் மூன்று தலைமுறைக் கதையை எழுதினார். 1948இல் குட்டநாட்டு விவசாயத் தொழிலாளிகளின் கதையை எழுதினார். அந்த நாவலின் பெயரே ‘ரண்டிடங்கழி’. இடங்கழி என்பது நெல் அளக்கிற படி. கூலி அளக்கிற படியைப் புத்தகத்தின் அட்டையில் பெயராகப் போட்ட இலக்கியம் அது. பஷீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் புத்தகங்களைத் தானே சுமந்து வீடு வீடாக விற்றவர் அவர். எர்ணாகுளத்தில் புத்தகக் கடையும் வைத்துப் பார்த்தார். எழுதுகிறவன் தலையில் புத்தகக் கட்டையும் ஏற்றுகிற நிலைமை அது. அந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான் சங்கம் தேவைப்பட்டது.

தோட்டிகளின் கதையைச் சுந்தர ராமசாமி 1950-களில் தமிழில் பெயர்த்தார். ‘சரஸ்வதி’ இதழில் அது வெளிவந்தது. புத்தகமாக எப்போது வந்தது தெரியுமா? 2000இல்! அதே தகழியின் ‘செம்மீன்’ 1956இல் மலையாளத்தில் வந்தது. 1960-களின் தொடக்கத்திலேயே தமிழில் புத்தகமாகிவிட்டது. காதல் கதை கடலைத் தாண்டி வந்துவிட்டது. மலம் சுமந்தவனின் கதை நாற்பது ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்தது. நல்ல எழுத்து எப்படியாவது மக்களிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

எழுதுகிறவர் சங்கம் சேர்ந்தால் மட்டும் போதுமா? போதாது. அச்சிட்ட புத்தகத்தை வாங்க ஆள் வேண்டும். கோட்டயத்துச் சங்கம் பிழைத்ததற்கு இன்னொரு பாதிக் காரணம், அதே 1945இல் படிக்கிறவர்களும் சேர்ந்ததுதான்.

பி.என். பணிக்கர் என்று ஒரு வாத்தியார். (கேரளத்தில் நல்ல காரியம் எதைத் தோண்டினாலும் அடியில் ஒரு வாத்தியார் இருக்கிறார்!) அம்பலப்புழையில் 47 ஊர்ப் படிப்பகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி அவர் கிரந்தசாலா சங்கத்தை உண்டாக்கினார். அதைத் தொடங்கி வைத்தவர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர். வேடிக்கையைப் பாருங்கள். மறு ஆண்டு, 1946 அக்டோபரில், அதே வட்டாரத்துப் புன்னப்புராவிலும் பக்கத்தில் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளிகளையும் விவசாயத் தொழிலாளிகளையும் சுட்டுக் கொன்றதும் அதே திவானின் படைதான். திவான் வந்து விளக்கேற்றிவிட்டுப் போனார். படிப்பகம் மக்களிடம் தங்கிவிட்டது. யார் திறந்து வைத்தார் என்பதைவிட, மறுநாள் காலையில் யார் திறக்கிறார் என்பதே பெரிது.

பணிக்கர் ஊர் ஊராக நடந்தார். 1975இல் அந்தச் சங்கத்துக்கு யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா பரிசு கிடைத்தது. தோழர் லெனினின் துணைவியார் குருப்ஸ்காயா, புரட்சிக்குப் பிறகு எழுத்தறிவுக்கும் நூல்நிலையங்களுக்கும் உழைத்தவர். அவர் பெயரால் அமைந்த பரிசு அது. 1977இல் கேரள அரசு சங்கத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. ஆனால் 1989இல் வந்த நூலகச் சட்டத்தில் மக்கள் ஒரு முக்கியமான உரிமையைப் பெற்றுவிட்டார்கள். ஊர்ப் படிப்பகத்தை நடத்துவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. அந்தப் படிப்பகங்களின் பிரதிநிதிகள் தாலுகாவுக்கும், பிறகு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசு மானியம் கொடுக்கிறது. எந்தப் புத்தகம் வாங்குவது என்பதைப் படிப்பகக் கமிட்டி முடிவு செய்கிறது. இப்படி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிப்பகங்கள் அங்கே இருக்கின்றன.

நம் நிலைமை என்ன? பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததில் நாம்தான் முந்திக்கொண்டோம். 1948இல், இந்தியாவில் எந்த மாகாணமும் யோசிக்காதபோது, சென்னை மாகாணம் சட்டம் போட்டது. இன்று நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூற்றுக்குப் பத்து வீதம் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? குடிசைக்கு வரி கட்டிய ரசீதைப் பாருங்கள். நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். அந்தப் பணத்தை வசூலித்த உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் பாக்கி வைக்கிற புகாரோ வருஷக்கணக்காகப் பேசப்படுகிறது. ஆகவே நூலகம் நமக்கு யாரோ போடுகிற பிச்சை அல்ல. நம் காசு அது. ஆனால் அதை நடத்துவதில் நமக்கு ஓட்டு இல்லை. என்ன புத்தகம் வாங்குவது, எந்த நேரம் திறப்பது என்பதெல்லாம் மேலே முடிவாகிறது. நாம் வயலிலும் மில்லிலும் நிற்கிற நேரத்தில் திறந்து, நாம் திரும்புகிற நேரத்தில் பூட்டுகிற நூலகங்கள் எத்தனை!

கட்டடத்தையும் சட்டத்தையும் எதிர்பாராமல் தொழிலாளிகளே படிக்க வழி கண்ட இடம் கண்ணூர். பீடித் தொழிலாளிகளைப் பற்றிச் சொல்கிறோம். பீடி சுற்றுகிற கொட்டகையில் இயந்திரச் சத்தம் கிடையாது. கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு. காதுக்கு வேலை இல்லை. அதனால் தொழிலாளிகள் தங்களில் நல்ல குரல் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் இலையையும் தூளையும் ஒதுக்கி வைத்துவிட்டு உரக்கப் படிப்பார். காலையில் பத்திரிகை; பிற்பகலில் பெரும்பாலும் நாவல். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றி ஈடுகட்டுவார்கள். படிக்கிறவருக்குக் கூலி நஷ்டம் இல்லை; கேட்கிறவருக்கு எழுத்துத் தெரியாததும் குறை இல்லை. படித்து முடித்ததும் விவாதம் நடக்கும். அது உள்ளே வருகிறவனைத் திணறடித்துவிடும்.

1966இல் பீடித் தொழிலாளர்களுக்கு என்று மத்தியச் சட்டம் வந்தது. அதைத் தட்டிக் கழிக்க முதலாளிகள் 1968இல் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளை இழுத்து மூடினார்கள். வேலை போனவர்கள் 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். அது உச்சத்தில் இருந்தபோது நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலை கொடுத்தது. கொட்டகைகளில் வாசிப்பு அங்கேயும் தொடர்ந்தது. பிறகு பீடித் தொழிலே இறங்கிற்று. தினேஷ் குடைக்கும் உணவுப் பொருளுக்கும் மாறியது. அந்த வாசிப்பும் தேய்ந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒருவர் வாங்கிய ஒரு பிரதியை ஒரு கொட்டகையே கேட்டது. புத்தகம் விலை அதிகம் என்கிற நம் புலம்பலுக்கு அவர்கள் என்றைக்கோ பதில் கண்டுவிட்டார்கள்.

நம் பஞ்சாலையில் அது முடியாது. ரிங் பிரேம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கூப்பிட்டாலே காதில் விழாது. அதனால்தான் நமக்கு ஆலை வாசலுக்கு வெளியே ஓர் இடம் வேண்டியிருக்கிறது. இந்தப் படிப்பகம் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் 1951இல் தொடங்கி, வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்றது. மலிவு விலையில் கார்க்கியையும் டால்ஸ்டாயையும் அந்த வண்டியில் வாங்கிய கிழவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். தோழர் ஜீவா 1961இல் கோவையில் கலை இலக்கியப் பெருமன்றத்தை அமைத்தார். 1975இல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பிறந்தது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகளின் வாழ்க்கையை டி. செல்வராஜ் ‘தோல்’ என்று நாவலாக எழுதினார்; வெளியிட்டது அதே நியூ செஞ்சுரி; 2012இல் அதற்குச் சாகித்ய அகாதெமி பரிசு வந்தது. சென்னையில் உட்கார்ந்தால்தான் புத்தகம் போட முடியும் என்ற பேச்சையும் சிலர் பொய்யாக்கினார்கள். கவிஞர் மீரா சிவகங்கையிலிருந்து ‘அன்னம்’ பதிப்பகத்தை நடத்தினார். கடல் கடந்து பார்த்தால், யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா. முடி திருத்தும் தொழிலாளி; நம் ஜீவாவின் மேல் கொண்ட பற்றால் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டவர். 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கி, பிரதிகளைத் தோளில் சுமந்து தெருவில் விற்று, போர்க்காலத்தையும் தாண்டி 2012 வரை அதை நடத்தினார். 2021இல் மறைந்தார். இலக்கியம் படித்தவர்களின் சொத்து என்று மீசை முறுக்கியவர்களுக்கு அந்தக் கத்தரிக்கோல் பிடித்த கை பதில் சொன்னது.

ஆனாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே தனி மனிதரின் தோள் அதிகம். அங்கே சங்கத்தின் தோள் அதிகம். ஒருவருடைய தோளில் நிற்கிற காரியம் அவர் படுத்தால் படுத்துவிடும்.

அதற்காகக் கோட்டயத்தைக் கோயிலாக்கிக் கும்பிடவும் வேண்டாம். சங்கத்தின் வளர்ச்சிக்குப் பெரும் பங்கு ஆற்றிய டி.சி. கிழக்கேமுறி வெளியேறி, 1974இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். இன்று மலையாளப் பதிப்புலகில் முதலிடம் அந்தத் தனியார் பதிப்பகத்துக்குத்தான். கூட்டுறவுச் சங்கம் இன்றும் கோட்டயத்தில் இருக்கிறது. பழைய செல்வாக்கு இல்லை. எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தச் சங்கத்தின் அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. எழுதுகிறவர்கள் உறுப்பினர்கள், படிக்கிறவர்கள் வெறும் வாடிக்கைக்காரர்கள். சங்கம் தளர்ந்தபோது வாசகன் அதைத் தன் சொத்தாகக் கருதிப் பதறவில்லை. பதறுவதற்கு அவனுக்கு அங்கே ஒரு பங்குச் சீட்டு இல்லை. படிப்பகங்கள் கட்டிய சங்கம் இன்றும் ஊருக்கு ஊர் உயிரோடு இருப்பதையும், எழுத்தாளர் மட்டும் கட்டிய சங்கம் மெலிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நம் காரியம். இந்தப் படிப்பகக் கமிட்டி சில யோசனைகளைக் கொண்டுவந்திருக்கிறது. மாதம் ஆளுக்கு 20 ரூபாய். ஐம்பது பேர் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். கடையில் வாங்க வேண்டாம். சிறு பதிப்பாளருக்கு நேராக எழுதி வாங்குவோம். கடைக்காரருடைய கழிவில் ஒரு பங்கை நமக்குத் தள்ளிக் கொடுக்க அவர்களே தயார்; கைக்கு உடனே ரொக்கம் வருகிறதல்லவா? எந்தப் புத்தகம் என்பதை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கை தூக்கித் தீர்மானிப்போம். புதன்கிழமை இரவு உரக்கப் படிப்போம். எழுத்துத் தெரியாத தாய்மார்கள் தயங்க வேண்டியதில்லை, கண்ணூர்க் கொட்டகையில் கேட்டவர்களிலும் எழுத்துத் தெரியாதவர்கள் இருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை எழுத்தாளர் ஒருவரை அழைப்போம். பஸ் செலவும் சாப்பாடும் நம்முடையது. அவர் பொன்னாடைக்காக வர வேண்டாம். நம்மைப் பற்றி எழுதியது சரியா, தப்பா என்று நாம் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

நூலக நேரத்தைப் பற்றி ஒரு மனு தயாராக இருக்கிறது. மாலை ஏழு மணிக்குப் பூட்டாமல் ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும். வாசகர் பிரதிநிதிகள் உள்ள ஒரு கமிட்டியைக் கேட்டுத்தான் புத்தகம் வாங்க வேண்டும். இந்த இரண்டே கோரிக்கை. வீட்டு வரி ரசீதின் நகலை ஒவ்வொருவரும் இணைத்துக் கொடுங்கள். நம் காசு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடைசியாக, மில் விடுதிகளில் இருக்கிற பெண் பிள்ளைகள். வெளியே வர வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலே பெரிது. நூலகம் அவர்களுக்கு எட்டாது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிறார்கள் அல்லவா? சந்தை வாசலில் ஒரு பெட்டி புத்தகத்தோடு நம் பெண் தோழர்கள் இருவர் உட்கார வேண்டும். பதிவேடு வேண்டாம், வைப்புத் தொகை வேண்டாம். எடுத்துப் போகிற பிள்ளை அடுத்த வாரம் கொண்டுவரட்டும். இரண்டொரு புத்தகம் தொலையும். தொலையட்டும். யாரோ ஒரு விடுதி அறையில் அது கை மாறிக்கொண்டிருக்கும்.

பெட்டிக்குப் பொறுப்பேற்க இரண்டு பெண் தோழர்களின் பெயர் இப்போதே வேண்டும். ரசீதுப் புத்தகம் மேடைக்கு இடப்பக்கத்து மேஜையில் இருக்கிறது.